தீராத வயிற்று வலி

பழைய நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு ‘தீராத வயிற்று வலி’ நன்றாகத் தெரியும். அந்த வலி வந்தவர் டாக்டரிடம் போய்க் குணமானதாகச் செய்தி வராது. தற்கொலைச் செய்தியில்தான் அது காரணமாகத் தலைகாட்டும். குடும்பத்தார் ஸ்டேஷனில் சொன்னது, ஏட்டு எழுதியது, நிருபர் குறித்துக்கொண்டது... எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இன்னொரு பக்கம், கொடூரக் கொலை என்றால் ‘சைக்கோ’ பட்டம். கைதானவரை எந்த மனநல மருத்துவரும் பார்த்திருக்க மாட்டார். ஆக, மனம் நொந்தவருக்கு வயிற்று வலி. பரிசோதனையே ஆகாதவருக்கு மனநோய்!

பத்திரிகைகளால் நல்லதே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. ஆனால் அந்தச் சங்கிலிகள் அன்று காலை பூட்டப்பட்டவை அல்ல. அங்குள்ள தர்காவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் வருடக்கணக்கில் பார்த்தவைதான். முதல் பக்கத்துக்கு வர அவற்றுக்குத் தீ தேவைப்பட்டது.

எழுதும் விதம் உயிரோடு விளையாடும் என்பதற்கு வியன்னா சாட்சி. அங்கே 1978-இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் ரயில் முன் பாயும் சம்பவங்கள் கூடின. நாளிதழ்களும் ஒவ்வொன்றையும் பரபரப்பாக எழுதின. 1987-இன் நடுவில், இப்படி எழுதாதீர்கள் என்று நிபுணர்கள் வழிமுறை வகுத்துக் கொடுக்க, பத்திரிகைகள் அடக்கி வாசித்தன. அடுத்த ஆறு மாதத்தில் அந்தச் சம்பவங்கள் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தன. தண்டவாளம் அதேதான், ரயிலும் அதேதான்.

நம் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிட 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதிக்கிறது. தற்கொலை செய்த முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, தலைப்பில் பரபரப்புக் கூட்டாதே என்று 2019-இல் இந்தியப் பிரஸ் கவுன்சிலும் நெறிமுறை தந்தது. அடுத்த வருடமே இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். அப்போது சேனல்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பல நாளிதழ்களில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது: ‘தற்கொலை எதற்கும் தீர்வல்ல. உதவிக்கு 14416.’ அதற்கு நேர் மேலே, எந்த அறை, எந்தக் கயிறு, எத்தனை மணி என்று மூன்று பத்திக்குச் செய்தி.