ராக்கெட் ரகசியம் விற்றதாக விஞ்ஞானிக்கு 50 நாள் சிறை! இல்லாத உளவாளியைத் தேடிய கதை

பொன்னேரி:
பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பும் நாளென்றால் இந்தப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அன்றைய பிழைப்பு போச்சு. கரையில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

1994 அக்டோபர் 15-ந்தேதி அப்படி ஒரு ராக்கெட் சீறிப் பாய்ந்தது. பி.எஸ்.எல்.வி. ரகத்தில் அதுதான் முதல் வெற்றி. அதில் இருந்த 'விகாஸ்' என்ஜினை உருவாக்கியதில் பெரும் பங்கு நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு.

ஒன்றரை மாதம்தான் ஆனது. நவம்பர் 30-ந்தேதி திருவனந்தபுரத்தில் அவரையே போலீசார் கைது செய்தார்கள். ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று புகார்!

மாலத்தீவுப் பெண்

ஆரம்பம் சின்ன விஷயம். விசா முடிந்தும் தங்கியதாக மாலத்தீவுப் பெண் ஒருவர் அக்டோபர் 20-ந்தேதி பிடிபட்டார். போகப் போக அது உளவு வழக்காக ஊதிப் பெருத்தது. கிரையோஜெனிக் என்ஜின் வரைபடம் பாகிஸ்தானுக்குப் போனதாகப் பேச்சு. பத்திரிகைகளில் தினம் ஒரு கதை. கேரள அரசியலிலும் புயல். 1995 மார்ச்சில் முதல்-மந்திரி கருணாகரன் ராஜினாமா செய்தார்.

விற்க என்ன இருந்தது?

அந்த என்ஜின் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவிடம் கிடையவே கிடையாது! தருவதாக 1991-ல் ஒப்பந்தம் போட்ட ரஷியா, அமெரிக்கா கொடுத்த நெருக்கடியால் 1993-ல் பின்வாங்கிவிட்டது. கையில் இல்லாத சரக்கை யார் விற்பது?

புகாரில் உண்மை இல்லை என்று 1996-ல் சி.பி.ஐ. அறிக்கை கொடுத்தது. கேரள அரசு மறுபடியும் விசாரிக்கப் பார்த்தது. 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்தது.

ஆனால் நம்பி 50 நாள் உள்ளே இருந்துவிட்டார். காவலில் சித்திரவதை செய்ததாகவும் சொன்னார். கைதே தேவையற்றது, ரூ.50 லட்சம் கொடுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 2018-ல்தான். அதாவது 24 வருஷம் கழித்து!

2024-ல் முன்னாள் அதிகாரிகள் 5 பேர் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இதற்கிடையே 2014 ஜனவரி 5-ந்தேதி, சொந்தக் கிரையோஜெனிக் என்ஜினுடன் இந்திய ராக்கெட் ஒன்று அதே அக்கரையிலிருந்து வெற்றிகரமாகக் கிளம்பியது.

சந்தேகம் வேறு, சாட்சி வேறு

2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. கடலில் புது ஆள், புதுப் படகு தெரிந்தால் தகவல் சொல்லுங்கள் என்கிறது போலீஸ். சொல்ல வேண்டியதுதான். வெளிநாட்டு உளவாளி வரவே மாட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. அதை மறந்ததால் ராக்கெட் செய்தவருக்கே கிடைத்தது, துரோகிப் பட்டம்!