கோப்பு எங்கே நிற்கிறது?

பேசாலையில் ஒரு வீடு, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் 1985இல் மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். 1990 ஜூனில் மறுபடியும் சண்டை மூள, குடும்பம் வள்ளமேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. நடுப்பிள்ளை 1992இல் மண்டபம் முகாமில் பிறந்தது. ஊர் திரும்பிய பிறகு 2005இல் கடைக்குட்டி மன்னாரில் பிறந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். மூத்தவருக்கும் கடைசிக்கும் பிறப்புச் சான்றிதழோடு கிராம அலுவலரிடம் போனால் அடையாள அட்டைக்கான வேலை தொடங்கிவிடும். நடுப்பிள்ளைக்கு அப்படியில்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழ்நாடு அரசின் முத்திரை இருப்பதால், முதலில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் தலைமன்னார் முதல் முசலி வரை இருக்கிறார்கள்.

இரண்டு நாடுகளின் சட்டங்களுக்கு இடையில் ஒரு சந்து இருக்கிறது. நடுப்பிள்ளை மாட்டிக்கொண்டது அதில்தான். இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை அந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே 1992இல் மண்டபத்தில் பிறந்த பிள்ளை இந்தியர் இல்லை. இலங்கையோ மண்ணைப் பார்ப்பதில்லை, வம்சாவழியைப் பார்க்கிறது. பெற்றோர் இலங்கையர் என்றால் பிள்ளையும் இலங்கையர்தான். ஆனால் வெளிநாட்டில் பிறந்திருந்தால் அந்தப் பிறப்பைப் பதிய வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதன் 5(2) பிரிவின்படி ஒரு வருடத்துக்குள், அல்லது தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் நீடித்துத் தரும் காலத்துக்குள், பதிந்தாக வேண்டும். முகாமில் பதிவேட்டுக்கும் கணக்கெடுப்புக்கும் நடுவே வாழ்ந்த தாய்க்கு, சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பதிய வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சிலருக்குச் சொன்னார்கள். 1984இல் எஸ். சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய்ப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்த வேலை இல்லாவிட்டால், இந்த வரிசை இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

தகப்பன் இலங்கையர் என்று காட்டுவதும் எல்லா வீட்டிலும் சுலபமில்லை. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து முருங்கன், மடுப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் வம்சாவழி என்பது பெரும்பாலும் தகப்பன் வழி. தாய் பிறவி மன்னார்க்காரி என்றாலும், தகப்பன் நாடற்றவர் என்றால் அன்று பிள்ளைக்கு வழியிருக்கவில்லை. இப்படியான வீடுகளில் பிள்ளையின் கோப்பு தகப்பனின் கோப்பில் முட்டும், தகப்பனின் கோப்பு பாட்டன் 1951இல் கொடுத்த விண்ணப்பத்தில் போய் முட்டும். அந்த விண்ணப்பம் என்னவாயிற்று என்று பார்த்தால்தான் இன்றைய தாமதம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

மலையகத் தமிழரின் முன்னோர் பாக்கு நீரிணையைக் கடந்து இறங்கிய கரை இதுதான். அரிப்பிலும் மன்னாரிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல் தலைமன்னார் இறங்குதுறையும் ரயிலும் வந்தன. 1901இல் தொடங்கிய ‘டின் டிக்கெட்’ முறையில், எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஆளைக் கூட்டிவர அது போதுமானதாக இருந்தது. 1949இல் ஆளுக்கு உரிமை கொடுக்க வேண்டி வந்தபோது எதுவுமே போதுமானதாக இல்லை.

அந்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்போர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இடைவிடாது இலங்கையில் வசித்ததற்குச் சான்று கேட்டது. இந்தியாவிலுள்ள சொந்த ஊரில் தாய் செத்ததற்குப் போய், திரும்புகிற கப்பலுக்குக் காசில்லாமல் தங்கிவிட்டவர் கதை அங்கேயே முடிந்தது. மலையகத் தலைவர்களும் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லிக் காலத்தை விட்டார்கள். பிறகு விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. 1951 ஆகஸ்ட் 5 கெடுவுக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கு மேல். பதினோரு வருடம் விசாரித்த பின் உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றானதால் 1952இல் ஒருவரும் இல்லை.

பிறகு இரு அரசுகளும் ஆட்களை எண்ணிப் பிரித்துக்கொண்டன. 1964 அக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்கள் மலைநாட்டிலிருந்து ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர்பெற்ற ரயிலில் தலைமன்னாருக்கு வந்து ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறினார்கள். 1984இல் யுத்தம் காரணமாக அந்தக் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருக்க, போக வழியில்லாமல் பல்லாயிரம் பேர் இங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எந்த நாட்டவர் என்று இரண்டு தலைநகரங்களும் பதில் சொல்லவில்லை.

பதில் 2003இல் வந்தது. அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை என்றது. நாடற்றவர் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கு ஒரு பிரகடனப் பத்திரம் போதும். அந்த டிசம்பரில் ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயமும் அரசும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு தோட்டப் பகுதிகளில் நடமாடும் நிலையங்கள் போட்டன. பத்து நாட்களில் 1,90,000க்கும் அதிகமானோர் குடியுரிமை பெற்றார்கள்.

பதினோரு வருடத்தில் 1,34,000, பத்து நாளில் 1,90,000. மக்கள் அதே மக்கள், அவர்களிடம் இருந்த கடதாசியும் 1951இல் இருந்ததைவிட ஒன்றும் கூடிவிடவில்லை. சான்றைத் தேடும் பாரத்தை முதல் சட்டம் கூலியாளின் தலையில் வைத்தது, இரண்டாவது சட்டம் அதை இறக்கி வைத்தது. அதிகாரிகள் சோம்பேறிகள், ஆள் பற்றாக்குறை என்றெல்லாம் சொல்வது பாதி உண்மைதான். எனக்குத் தெரிந்தவரை, குடியுரிமைக் கோப்பு நகராமல் கிடப்பதற்குப் பெரிய காரணம் அந்தக் கோப்பை எழுதிய சட்டம்.

2003 சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. ‘நிரந்தரமாக வசித்த’ என்ற நிபந்தனையால், யுத்தத்துக்குப் பயந்து இந்தியா போய் முகாமில் இருந்த சுமார் 28,500 மலையக வம்சாவழியினர் வெளியே விடப்பட்டார்கள். 2009 திருத்தங்கள் அதைச் சரிசெய்தன. இன்று தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்குத் திரும்புகிறவரின் தகப்பன் வழி மலையகம் என்றால், முதலில் கேட்க வேண்டியது ‘நாங்கள் 5(2)க்குள்ளா, 2003–2009 சட்டங்களுக்குள்ளா?’ என்பதுதான். தவறான படிவத்தை நிரப்பிவிட்டு இரண்டு வருடம் காத்திருப்பது வீண்.

அக்கரையில் இருந்துவிட்டவர்களின் நிலை வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் 58,000 பேரளவிலும் வெளியே 34,000 பேரளவிலும் இருப்பதாக 2021இல் அரசு கணக்குச் சொன்னது. முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் அந்த ஆண்டுதான். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சேர்த்துக்கொண்ட நாடுகளில் இலங்கை இல்லை. அதே ஆண்டு ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், முகாம்களிலிருந்து வழக்குப் போட்ட 65 பேரின் விண்ணப்பங்கள் மீது 16 வாரங்களில் முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முந்திய பிறப்பு என்ற ஒரே வாதத்தால் 2022இல் நீதிமன்றம் மூலம் இந்தியக் கடவுச்சீட்டு பெற்று 2024 தேர்தலில் வாக்களித்தார். அவருக்குச் சட்டம் 36 வருடமாக இருந்தது, அவருக்கும் அதிகாரிக்கும் அது தெரியாமல் இருந்தது. 1987 ஜூலைக்கு முன் மண்டபத்தில் பிறந்து இப்போது மன்னாரில் இருப்பவர்கள் இதையும் யோசித்துத்தான் படிவம் நிரப்ப வேண்டும். இந்தியர் ஒருவர் தாமாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

இனி, காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியவை. கோப்புகள் அதிகம் சிக்குவது பெயரில். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும், இலங்கைப் பத்திரத்தில் முழுப் பெயராக இருக்கும். ‘அந்தோனி’ ஒன்றில் ‘அந்தோணி’யாக இருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கேட்பதற்கு முன்பே இணைத்துவிட்டால் பல மாதங்கள் மிச்சம். தாய் தகப்பனின் விவாகம் முகாமில் நடந்து பதியப்படாமல் இருந்தால் அதையும் இப்போதே கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத பெற்றோருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

மூலப் பத்திரத்தைக் கையால் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது. அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து வைக்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. மூலத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் காட்டி, திருப்பி வாங்கி வர வேண்டும். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரில் போய் வர மன்னாரிலிருந்து இரண்டு நாள் கூலி போகும். பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதமும் அதன் பற்றுச்சீட்டும் பிற்காலத்தில் அதைவிடப் பலமான சாட்சி. கடிதத்தைத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை.

மாதம் மூன்று கடந்தும் சத்தமில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைப் பிரஜைக்குத்தான் கொடுக்கிறது. இந்தியாவின் 2005 சட்டமும் அப்படியே. பிரஜையா இல்லையா என்று முடிவாகாதவர் தன் பெயரில் கேட்டால், அதையே காரணம் காட்டித் திருப்பிவிட இடமுண்டு. அதனால் அடையாள அட்டை உள்ள தாயோ உடன்பிறந்தவரோ கையொப்பமிட வேண்டும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் பதில் வரும். கோப்பு இலக்கம் என்ன, இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது, அவரிடம் எந்தத் திகதியில் வந்தது, எந்த ஆவணம் போதவில்லை என்று தனித்தனியே கேட்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் கொழும்பில் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.