உங்களுக்குத் தெரியுமா? பினாங்கின் காலடியில் பெரு

● பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நாற்காலிக்கு நேர் கீழே துளைபோட்டு, பூமியின் நடுவைக் கடந்து மறுபக்கம் ஏறினால் எங்கே தலைகாட்டுவீர்கள்? தென் அமெரிக்காவின் பெரு நாட்டில். வட பெருவின் பியூரா மாநிலத்து மலைப்பக்கம், உவாங்கபம்பா என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில். ஜார்ஜ் டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5.4 பாகை, அந்த இடம் தெற்கே அதே 5.4 பாகை. ஓர் ஊருக்கு நேர் எதிரே நிலம் அமைவது அபூர்வம், பெரும்பாலும் கடல்தான் இருக்கும். சென்னையிலிருந்து துளைத்தால் பசிபிக் பெருங்கடலுக்குள் போய் விழவேண்டியதுதான். பினாங்குக்கோ மறுபக்கத்திலும் ஒரு சாப்பாட்டு நாடு வாய்த்திருக்கிறது.

● இரண்டுக்கும் நேர வித்தியாசம் 13 மணி. பினாங்கில் பகல் ஒரு மணிக்கு மீன்தலைக் குழம்புக்கு ஆள் நிற்கும்போது பெருவில் நள்ளிரவு 12.

● பெரு மக்கள் தங்கள் தேசிய உணவாகக் கொண்டாடுவது செவிச்சே. பச்சை மீனைத் துண்டுபோட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், சிவப்பு வெங்காயம் சேர்த்துப் பிசறுவார்கள். அடுப்பே கிடையாது. புளிப்புப் பட்டதும் மீனின் புரதம் இறுகி, கண்ணாடிபோல் இருந்த சதை வெந்ததுபோல் வெளுத்துவிடும். நெருப்பு கிருமியைக் கொல்வதுபோல் எலுமிச்சை கொல்லாது. ஆகவே மீன் புத்தம் புதிதாக இருந்தே தீரவேண்டும். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சோளமும் வைப்பார்கள். ஆண்டுதோறும் ஜூன் 28 அங்கே செவிச்சே நாள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிந்துகொண்டது.

இதில் என்னை அசத்தியது எலுமிச்சைதான். அது பெருவின் கனி அல்ல, ஆசியாவின் கனி. ஸ்பானியர் கப்பலில் கொண்டுபோய் இறக்கியது. இன்று பெருவின் எலுமிச்சைத் தோட்டங்கள் பெரிதும் எந்த மாநிலத்தில் இருக்கின்றன தெரியுமா? பினாங்குக்கு நேர் எதிரே இருக்கும் அதே பியூராவில். நம் பக்கத்துப் பழம், பூமியின் சரியான மறுபக்கத்தில் வேர் பிடித்திருக்கிறது.

● அங்கிருந்து நமக்கு வந்தவை? மிளகாய் தென், நடு அமெரிக்க நிலத்தின் பிள்ளை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியதற்குப் பிறகுதான் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. அதுவரை நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய் மிளகைப்போல் உறைத்ததால் ‘மிளகு காய்’, மிளகாய். அந்தப் பெயரே அது வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் தினமும் உச்சரிக்கிறோம், காதில் விழுவதில்லை.

● நிலக்கடலையைத் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்து மாலையாகப் போட்டுக்கொண்ட மன்னன் ஒருவன் உண்டு! வட பெருவின் சிப்பான் என்ற இடத்தில் 1987இல் வால்டர் ஆல்வா என்ற தொல்லியலாளர் மோச்சே நாகரிகத் தலைவன் ஒருவனின் கல்லறையைக் கண்டெடுத்தார். சுமார் 1700 ஆண்டுப் பழையது. அவன் மார்பில் கிடந்த மாலையில் நிலக்கடலை வடிவ மணிகள் இருபது: வலப்பக்கம் பத்தும் தங்கம், இடப்பக்கம் பத்தும் வெள்ளி. பினாங்குக்கு எதிர்ப்புள்ளியிலிருந்து தெற்கே 150 கி.மீ. போனால் சிப்பான்.

தென்னாற்காட்டுப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் தடம் நம் கிராமத்துச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

● இனி பினாங்குக்கு வருவோம். தமிழ் முஸ்லிம் வண்டிக்கடைகளில் கிடைக்கும் பசெம்பூர் சாப்பிட்டிருக்கிறீர்களா? மாவில் தோய்த்துப் பொரித்த வடைவகைகள், இறால் பொரியல், டோஃபு, அவித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கத்தரியால் நறுக்கி, மேலே வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் சீவிப் போட்டு, கெட்டியான இனிப்புக் காரச் சாற்றை ஊற்றித் தருவார்கள். அந்தச் சாற்றுக்குக் கெட்டி கொடுப்பது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. மணம் கொடுப்பது நிலக்கடலை. உறைப்பு மிளகாய். செங்குவாங் மெக்சிகோவிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையில் பிறந்தது. ஒரு தட்டில் பாதி அமெரிக்கக் கண்டம்! ஆனால் அதைப் பெரு உணவென்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அது முழுக்க முழுக்கப் பினாங்கு.

● உருளைக்கிழங்கில் 4,000க்கும் மேற்பட்ட நாட்டு வகைகள் ஆண்டிஸ் மலைநாடுகளில் உண்டு. பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆய்வு மையம் 1971 முதல் லீமாவில்தான் இருக்கிறது.

● ‘கண்டார்’ என்றால் என்ன? மலாயில், தோளில் தடி வைத்து இருபுறமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. நம் காவடியேதான். ஒரு கூடையில் சோறு, மறு கூடையில் குழம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இப்படிச் சுமந்துபோய்த் துறைமுகக் கூலிகளுக்குப் பசியாற்றினார்கள். நாசி என்றால் சோறு. தோளில் வந்த சோறு என்பதால் நாசி கண்டார். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பல இந்தத் தீவில் வேர் விட்டவை.

கேம்பல் சாலையில் இருக்கும் ஹமீதியா, 1907இல் முகமது தம்பி ராவுத்தர் தொடங்கியது. மலேசியாவின் மிகப் பழைய நாசி கண்டார் கடை என்ற பெயர் அதற்கு. இன்றும் அதே குடும்பத்து வாரிசுகள் கையில். ஒரு நூற்றாண்டைத் தாண்டி ஒரு குழம்பு ஒரே வீட்டில் கைமாறி வருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

● நாசி கண்டாரின் உயிர் எங்கே இருக்கிறது? கறியில் இல்லை, குழம்பை ஊற்றும் கையில். ‘குவா சம்பூர்’ என்றால் பலவகைக் குழம்பும் கலந்து. ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளம். சோறு மிதக்கும்படி ஊற்று என்று பொருள். கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கருப்பாகச் சுண்டிய இறைச்சிச் சாற்றில் ஒரு சொட்டு என்று எது எதற்கு மேல் விழவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. எழுதி வைத்த கணக்கல்ல.

சூலியா சாலைப் பக்கம் ஐந்தாறு மேசை மட்டுமே போட்ட ஒரு சிறு கடை. நான் முதன்முதல் போனபோது, “அண்ணே, மீன் குழம்பு மட்டும் ஊத்துங்க” என்றேன். தட்டைக் கையில் வைத்திருந்த பெரியவர் கரண்டியை நிறுத்தி, “தம்பி ஊருக்குப் புதுசா? இன்னிக்கு என் இஷ்டத்துக்கு ஊத்துறேன். பிடிக்கலேன்னா காசு வேணாம்” என்றார். நான்கு குழம்பு ஊற்றினார். நான்கும் சேர்ந்து ஐந்தாவதாக ஒரு ருசி வந்தது. உள்ளே அவர் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் மகள், தட்டைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொன்னாள். அன்றிலிருந்து எந்தச் சிறு கடைக்குப் போனாலும் எப்படி ஊற்ற வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

● பெருவிலும் இப்படிக் குடும்பக் கடைகள் உண்டு. பெயர் பிக்காந்தெரியா. ‘பிக்காந்தே’ என்றால் காரம், ஆக, காரக்கடை! தெற்கே அரெக்கிப்பா நகரத்தில் இவை பேர்போனவை. பெரும்பாலும் பெண்கள் நடத்துவது, தாயிடமிருந்து மகளுக்கு வருவது. நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். விறகடுப்பு, அரைகல், மக்காச்சோளத்தில் புளிக்கவைத்த சீச்சா என்ற பானம். கிழமைக்கு ஒரு சூப். திங்கள் சூப் செவ்வாயன்று கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு சமையல், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சமையல் என்று வாழ்ந்த நம் வீடுகளுக்கு இது புரியும். 2014இல் பெரு அரசு அரெக்கிப்பாவின் பிக்காந்தெரியாக்களை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

● 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனத் தொழிலாளிகள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கரும்புத் தோட்டம், பறவை எச்ச உரம் வெட்டும் தீவுகள் என்று உயிரை உருக்கிய வேலை. ஒப்பந்தம் தீர்ந்தவர்கள் நகரத்தில் சிறு சாப்பாட்டுக் கடை போட்டார்கள். அந்தக் கடைகளுக்கு இன்றும் சீஃபா என்று பெயர். ‘சோறு சாப்பிடு’ என்னும் சீனச் சொற்களிலிருந்து வந்தது. அவர்களுடைய சீன வாணலியான குவாலியில் மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, சோயா சாறு எல்லாம் பெருநெருப்பில் புரண்டு, வறுத்த உருளைக்கிழங்கோடும் சோற்றோடும் தட்டுக்கு வந்ததுதான் லோமோ சல்தாதோ. இன்று பெருவில் அதைத் தெரியாத வீடு இல்லை.

அதே குவாலி பினாங்கில் தமிழ் முஸ்லிம் கைக்கு வந்தபோது என்ன ஆனது? மீ கோரெங் மாமாக். நூடுல்ஸ் சீனருடையது, மசாலா தமிழருடையது, உள்ளே கிடக்கும் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் ஆண்டிஸ் பக்கத்துச் சொத்து. அங்கே சீனர் கையில் பெருவின் கிழங்கு, இங்கே தமிழர் கையில் சீனரின் மீ. இரண்டையும் சமைத்தவர்கள் ஊரைவிட்டுக் கடல் தாண்டி உழைக்கப் போன ஏழைகள். இரண்டு தட்டையும் அடுத்தடுத்து வைத்தால் உறவுக்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

● பெருவில் இஞ்சிக்கு ‘கியோன்’, சோயா சாற்றுக்கு ‘சில்லாவ்’. இரண்டும் கான்டனீசுச் சொற்கள். மலாயில் ‘கெடாய்’ நம் கடை, ‘மெம்பெலாம்’ நம் மாம்பழம், ‘பெத்தி’ நம் பெட்டி. கடைக்காரரை அழைக்கும் ‘மாமாக்’ கூட நம் மாமாதான்.

● சிறு குடும்பக் கடைகள் ஜார்ஜ் டவுனில் இத்தனை காலம் நிலைத்ததற்கு ருசி மட்டும் காரணமல்ல, வாடகைச் சட்டமும் காரணம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. 1997இல் அது ரத்தானது. மாற்றத்துக்குக் கொடுத்த கால அவகாசம் 2000 பிறந்ததோடு முடிந்தது. வாடகை ஏற, கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறின. எட்டு ஆண்டு கழித்து, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. ஐந்தடி நடைபாதையும் ஓட்டுக்கூரையும் காப்பாற்றப்பட்டன. அவற்றுக்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே அக்கறை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் தீராத மனக்குறை.

● பிஷப் சாலையில் பே கைக் லீன் என்ற அம்மையார் மகனோடு நடத்தும், சீனமும் மலாயும் கலந்த ஞோஞா சமையல் உணவகம், 2022 டிசம்பரில் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. வீட்டுச் சமையல்தான்.

● 2016 முதல் பினாங்கில், அசாம் லக்சா, சார் குவே தியாவ் உள்ளிட்ட பெயர்பெற்ற உணவுகளைத் தெருக்கடைகளில் சமைக்கும் முதன்மைச் சமையல்காரராக வெளிநாட்டவர் இருக்கக் கூடாது.

● செவிச்சேக்கு அடுத்த ஆண்டே, 2024 டிசம்பரில், மலேசியர்களின் காலைப் பசியாறலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக். கூடவே, பல இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த வழக்கம்.

● கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி ஒரு நாசி கண்டார் கடை. ‘பெராத்தூர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலாயில் வரிசையில் நிற்பது என்று அர்த்தம். இரவு பத்து மணிக்கும் ஆட்கள் தட்டுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். அப்போது பியூராவில் காலை 9. செவிச்சே அங்கே மதிய உணவு; எலுமிச்சையை இனித்தான் அறுப்பார்கள்.