தோண்டாமலே துப்பறியலாம்!

ராத்திரி முழுக்க ரிக் வண்டி ஓடுற சத்தத்தை எப்பவாவது கேட்டிருக்கீங்களா பாஸ்? திண்டுக்கல் பக்கம் இருக்கிற எங்க தாத்தா தோட்டத்துல நான் ரெண்டு தடவை கேட்டிருக்கேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வெச்சுக்கிட்டு ஒருத்தர் நடந்தார். அது சட்டுனு எழுந்து நின்ன இடத்துல போர் போட்டாங்க. 650 அடி. வெறும் புழுதி! அடுத்த வருஷம் வேற ஆள், வேற இடம், 800 அடி. அதே புழுதி! அன்னிக்கு ராத்திரி பாட்டி சாப்பிடலை. அவங்க கழுத்துச் செயின்தான் அந்த 800 அடிக்குள்ள போயிருந்துச்சு.

மூணாவது தடவை தாத்தா என்னைக் கூப்பிட்டார். "ட்ரிபிள் ஈ படிக்கிறியே... இதுக்கு ஏதாச்சும் மெஷின் இருக்கானு விசாரிடா!" விசாரிக்கப் போன இடத்தில் அறிமுகமானதுதான் ஜியோபிசிக்ஸ். தமிழில், புவி இயற்பியல். பூமியைத் தோண்டாமலே உள்ளே என்ன இருக்குனு துப்பறியும் படிப்பு!

தர்பூசணி டெக்னிக்

கடையில் தர்பூசணி வாங்கும்போது என்ன செய்வோம்? வெட்டாமலே தட்டிப் பார்த்து, சத்தத்தை வெச்சு முடிவு பண்ணுவோம். பூமிக்கும் அதேதான். வேற வழியும் கிடையாது. ரஷ்யாவின் கோலா பகுதியில் 1970-ல் துளை போட ஆரம்பித்து, 1989-ல் 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க. அடேங்கப்பா என்கிறீர்களா? பூமியின் மையம் இருப்பது சுமார் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில். பூமியை ஒரு மாம்பழம்னு வெச்சுக்கிட்டா, நாம இன்னும் தோலைக்கூடத் தாண்டலை!

அப்புறம் எப்படி 'உள்ளே இரும்பு உருண்டை இருக்கு'னு ஸ்கூல் புத்தகத்தில் படம் போட்டாங்க? உபயம், பூகம்பங்கள். அதிர்வலைகள் பாறைக்குப் பாறை வேகம் மாறும், வளையும், எதிரொலிக்கும். இந்தியாவின் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஓல்டாம் என்ற புவியியலாளர், அலைகள் வந்து சேர்ந்த நேரங்களை ஆராய்ந்து, பூமிக்கு ஒரு 'கோர்' இருக்குனு 1906-ல் சொன்னார். 1929-ல் நியூஸிலாந்தில் வந்த பூகம்பத்தின் அலைகள், வரவே கூடாத இடத்திலும் லேசாகப் பதிவாகின. 'கோருக்குள் இன்னொரு திடமான கோர் இருந்தால்தான் இது சாத்தியம்' என்று 1936-ல் எழுதினார் டென்மார்க்கின் இங்கே லேமன். ஒரு கைப்பிடி மண்கூட அள்ளாமல்!

பூகம்பம் வரட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். எண்ணெய் தேடுகிறவர்கள் சின்ன வெடி வைத்தோ, கனமான லாரியால் தரையை அதிர வைத்தோ அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை 'ஜியோபோன்' கருவிகளில் பிடிக்கிறார்கள். இரும்புத் தாதுவுக்குக் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். அடர்த்தியான பாறை உள்ளே இருந்தால் அதன் மேலே புவியீர்ப்பு இம்மியளவு கூடும். அதையும் அளக்கிறார்கள். தண்ணீருக்கு? கரன்ட்!

நாலு கம்பி, ஒரு விதி

பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஜியாலஜி டிபார்ட்மென்ட்டில் இருந்து வந்தவர்கள், தோட்டத்தில் நேர்கோட்டில் நாலு இரும்புக் கம்பி அடித்தார்கள். வெளிக் கம்பி ரெண்டு வழியாகக் கரன்ட் அனுப்புவார்கள். உள் கம்பி ரெண்டில் வோல்டேஜ் அளப்பார்கள். அவ்வளவுதான் பாஸ், நாம ஃபர்ஸ்ட் இயரில் மனப்பாடம் பண்ணின அதே ஓம் விதி! பிரான்ஸின் கான்ராட் ஷ்லம்பெர்ஜர் 1912-லேயே தரைக்குள் கரன்ட் அனுப்பி சோதனை பண்ணியிருக்கார். கம்பிகளை நடும் இந்த முறைக்கே அவர் பெயர்தான்.

வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால், கரன்ட் இன்னும் ஆழமாகப் போய்த் திரும்பும். எங்க தோட்டத்தில் கம்பிக்குக் கம்பி 300 மீட்டர் வரை இழுத்தார்கள். அந்த இடைவெளியில் மூணில் ஒரு பங்கோ, நாலில் ஒரு பங்கோதான் பார்க்கிற ஆழம். உடையாத கெட்டிப் பாறை என்றால் மின்தடை ஆயிரம் ஓம்-மீட்டரைத் தாண்டும். சிதைந்து, விரிசல் விட்டு, ஈரம் கோத்த பாறை என்றால் பத்துகளிலும் சில நூறுகளிலும் நிற்கும்.

தாத்தா ஆசைப்பட்டது ஈசான மூலை. அங்கே கிராஃப் கிடுகிடுனு ஏறிடுச்சு. "அடியில மொத்தப் பாறை. வேண்டாம்யா"ன்னார் பேராசிரியர். ரெண்டாவது இடமும் அவுட். தாத்தாவுக்குச் செம கோபம். "வேண்டாம்னு சொல்றதுக்கா ஒரு மெஷினு?"

வறண்ட ஓடை ஓரமாக மூணாவது இடம். கிராஃப் ஏறி, நடுவில் பள்ளம் விழுந்தது. "தண்ணி இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா, கேரன்ட்டி தர மாட்டேன். களிமண்ணும் உப்புத் தண்ணியும்கூட இதே மாதிரி கிராஃப் காட்டி ஏமாத்தும்" என்றார். எனக்கு அந்த நேர்மைதான் ரொம்பப் பிடிச்சது. தேங்காய் வெச்சிருந்தவர் ஒரு தடவைகூட 'தெரியலை'னு சொன்னதில்லை!

ரிக் வண்டி வந்தது. 240 அடியில் புழுதி நின்று, ஈரச் சகதி வந்தது. ஒன்றரை இஞ்ச் தண்ணி. பெரிய ஊற்று இல்லை, சொட்டுநீர்ப் பாசனம் போட்டால் தென்னைக்குப் போதும். 'ஆழமாப் போனா தண்ணி நிச்சயம்'ங்கிறது நம்ம ஊர் பாறைக்குப் பொருந்தாது. ஆழம் போகப் போக விரிசல்கள் பொதுவாகக் குறையத்தான் செய்யும்.

நீங்களும் துப்பறியணுமா?

பி.எஸ்ஸி. பிசிக்ஸ், ஜியாலஜி படிக்கிறவங்களுக்கு இது செம ரூட். தன்பாத், காரக்பூர் ஐ.ஐ.டி-க்களிலும், ஹைதராபாத் உஸ்மானியா, விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகங்களிலும் ஜியோபிசிக்ஸ் படிப்பு உண்டு. கேட் தேர்விலும் ஜியாலஜியோடு சேர்த்து இதற்கு ஒரு தாள் உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதினால் அரசு வேலையே கிடைக்கலாம்.

இப்போ தாத்தாவிடம் யாராவது யோசனை கேட்டு வந்தால், முதலில் ஈசான மூலையைத்தான் காட்டுவார். "இங்க 800 அடி மிச்சம் பண்ணியிருக்கேன் தம்பி!"