'ஈ' அனுப்பினால் 'டீ' வருதா? இன்டர்நெட்டில் மோர்ஸ் கோட் படும் பாடு

இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. அதோடு மோர்ஸ் கோடும் போய்விட்டது என்று நினைத்தால், அதுதான் இல்லை. ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் இன்றும் அதில் பேசிக்கொள்கிறார்கள். ரேடியோ இல்லாதவர்கள் இன்டர்நெட் வழியாகவே 'டிட் டா' தட்டுகிறார்கள்.

வீடியோ காலே அசால்ட்டாகப் போகிற நெட்டில், வெறும் புள்ளியும் கோடும் அனுப்புவது என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். ஆனால், தட்டத் தட்ட அப்படியே அனுப்பினால் சொதப்பும். ஏன்?

எல்லாமே டைமிங்தான்

மோர்ஸ் கோடில் எழுத்தைத் தீர்மானிப்பது நேரம். புள்ளி ஒரு அலகு நேரம் ஒலிக்கும். கோடு 3 அலகு. ஓர் எழுத்துக்குள் வரும் இடைவெளி ஒரு அலகு, இரு எழுத்துகளுக்கு நடுவே 3, இரு சொற்களுக்கு நடுவே 7. நிமிடத்துக்கு 20 சொற்கள் என்ற வேகத்தில் ஒரு அலகு என்பது 60 மில்லி செகண்ட்.

ஆங்கில எழுத்து 'ஈ'க்கு ஒரே ஒரு புள்ளி. 'டீ'க்கு ஒரே ஒரு கோடு. இரண்டுக்கும் வித்தியாசம் 120 மில்லி செகண்ட் மட்டும்தான். மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு. புள்ளி, கோடு சேர்ந்து வந்தால் 'ஏ'. நடுவே இடைவெளி நீண்டுவிட்டால் அது 'ஈ', 'டீ' என இரண்டு எழுத்து.

1844-ல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பியபோது இந்தப் பிரச்சினை இல்லை. கம்பி முழுவதும் அந்த ஒரு செய்திக்கே. இங்கே அழுத்தினால் அங்கே 'டக்'. இன்டர்நெட் அப்படியல்ல. தகவல் பாக்கெட் பாக்கெட்டாக, மற்றவர்களின் டிராஃபிக்கோடு சேர்ந்து போகிறது. ஒரு பாக்கெட் சீக்கிரம் போகும், அடுத்தது லேட்டாகும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஜிட்டர்.

ஒரு சின்னக் கணக்கு. 'விரல் வைத்தாச்சு' என்ற பாக்கெட் போய்ச்சேர 50 மில்லி செகண்ட் ஆகிறது. 60 மில்லி செகண்ட் கழித்து விரலை எடுக்கிறீர்கள். 'எடுத்தாச்சு' என்ற பாக்கெட்டுக்கு 170 ஆகிறது. எதிர்முனையில் ஒலி நீடிப்பது 180 மில்லி செகண்ட். நீங்கள் தட்டியது புள்ளி, அவர் கேட்டது கோடு. 'ஈ' அனுப்பினீர்கள், 'டீ' போய்ச் சேர்ந்தது!

மூன்று வழிகள்

முதல் வழி, எழுத்தாக அனுப்புவது. நீங்கள் தட்டுவதை உங்கள் போனே எழுத்தாக மாற்றி அனுப்பும். எதிர்முனைப் போன் அதை மறுபடி ஒலியாக்கும். தாமதமானாலும் தப்பு வராது.

இரண்டாவது, ஒலியாகவே அனுப்புவது. ஆனால், வீடியோ கால் ஆப்கள் பின்னணி இரைச்சலைக் குறைக்கும். சீரான 'பீப்' ஒலியையும் இரைச்சல்னு நினைச்சு அமுக்கிவிட வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, நேரத்தையே தகவலாக அனுப்புவது. '60 ஒலி, 60 மௌனம், 180 ஒலி' என்று எண்கள் போகும். எதிர்முனை சற்றுக் காத்திருந்து, எண்களைச் சேர்த்துக்கொண்டு, அதே அளவில் ஒலிக்கும். பழைய தந்திக் கருவிகளைக் கம்ப்யூட்டரில் இணைத்து நெட்டில் பேச உதவும் 'மோர்ஸ்கேஓபி' மென்பொருள் செய்வது இதைத்தான்.

'கை' போய்ச் சேர வேண்டுமா?

முதல் வழியே போதுமே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? காரணம் இருக்கிறது. கையெழுத்து மாதிரி, ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு தனி நடை உண்டு. ஒருவர் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார், இன்னொருவர் இடைவெளியைக் குறைப்பார். இரண்டாம் உலகப் போரில் எதிரி ரேடியோவை ஒட்டுக்கேட்டவர்கள், இந்த நடையை வைத்தே தட்டுவது யார் என்று அடையாளம் கண்டார்கள். எழுத்தாக மாற்றினால் செய்தி போகும், ஆனால் எல்லோருடைய தட்டலும் ஒரே மாதிரி கேட்கும். நேரத்தை அனுப்பினால் ஆளும் சேர்ந்து போவார்.

அதற்காக முதல் வழியைக் குறைச்சு எடைபோட வேண்டாம். 2018-ல் கூகுள் தன் ஜிபோர்டு கீபோர்டில் மோர்ஸ் கோடைச் சேர்த்தது. பெருமூளை வாதத்துடன் வாழும், மோர்ஸ் வழியாகப் பேசும் தான்யா ஃபின்லேசன் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றார். விரல்களால் டைப் செய்ய முடியாதவர்கள் ஓரிரு ஸ்விட்ச் கொண்டே முழு வாக்கியம் எழுதலாம். அவர்களுக்கு வேண்டியது சொன்னது பிசகாமல் போய்ச் சேர்வது. அதற்கு எழுத்தாக அனுப்புவதே சரி.

டிரை பண்ணப் போறீங்களா?

நெட்டில் மட்டும் தட்ட லைசென்ஸ் தேவையில்லை. ரேடியோ அலையில் அனுப்பத்தான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் லைசென்ஸ் வேண்டும். நெட் வழியாக வேறு ஊரில் உள்ள ரேடியோவை இயக்கினாலும் அது ரேடியோதான்.

உங்கள் தட்டல் ஒலி உங்கள் போனிலிருந்தே உடனே கேட்க வேண்டும். நெட் வழியே சுற்றி வரும் ஒலியைக் கேட்டுத் தட்டினால் கை தடுமாறும்.

ஆப்பில் 'பஃபர்' அல்லது 'டிலே' என்ற செட்டிங் இருந்தால், மொபைல் டேட்டாவில் அதைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அரை செகண்ட் தாமதம் பெரிதாகத் தெரியாது, மோர்ஸில் ஒருவர் முடித்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தவர் ஆரம்பிப்பார். ஆனால், அடுத்தவர் தட்டும்போதே குறுக்கிட்டுப் பேசும் வசதி போய்விடும்.

கடைசியாக ஒன்று: மோர்ஸ் ரகசிய மொழி இல்லை. தெரிந்த யாரும் படித்துவிடலாம். பாஸ்வேர்டு அனுப்ப இதை நம்ப வேண்டாம்.