மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றாதீங்க



பச்சைப் பிள்ளையைப் பார்க்க வருகிற பெரியவங்க முதலில் கேட்பது, "சீனித்தண்ணி தொட்டு வச்சாச்சா?" என்பதுதான். நல்ல குணமுள்ளவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்ற நம்பிக்கை, நம்ம பாட்டன் பூட்டனோடு திருச்சி, சேலம் பக்கமிருந்து கப்பலேறி வந்தது. ஆசீர்வாதத்தைத் தலையில் கை வைத்தும் செய்யலாமே!

இதைவிடப் பெரிய நட்டம் முதல் பாலைக் கொட்டுவது. பிரசவமாகி இரண்டு மூன்று நாளைக்குப் பால் மஞ்சளாக, பசை மாதிரி இருக்கும். "பத்து மாசம் தேங்கின பால், செரிக்காது" என்று பீய்ச்சி ஊற்றச் சொல்லும் அம்மாயிமார் உண்டு. வியட்நாமிலும் இதே நம்பிக்கை இருந்தது. 1975க்குப் பிறகு அமெரிக்கா, அவுஸ்திரேலியா போய்க் குடியேறிய அந்நாட்டுத் தாய்மாரில் பலர், ஊரில் தாய்ப்பால் கொடுத்தவங்களே, அங்கே புட்டிப் பாலுக்கு மாறிவிட்டார்கள்.

மஞ்சள் பால் கெட்ட பால் இல்லை. நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் அதிகம். பிள்ளையின் முதல் கறுப்பு மலம் கழியவும் அது உதவும். அளவு சில கரண்டிதான். பிறந்த பிள்ளையின் வயிறும் சின்னதுதானே. பிள்ளை சூப்பச் சூப்பத்தான் பால் ஊறும். சீனித்தண்ணியில் வயிறு நிறைந்தால் பிள்ளை சூப்பாது. பிறகு "எனக்குப் பால் பத்தலை" என்று பால்மா வாங்க ஓடுகிறோம். பீலித் தண்ணியை நன்றாகக் கொதிக்க வைக்காமல் கரைத்தால் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும்.

நாலாம் மாசமே சோறு மசித்துக் கொடுக்கச் சொல்லும் மாமியாரைக் கோபிக்காதீங்க. அவங்க காலத்தில் கிளினிக்கிலும் அப்படித்தான் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது. கொத்தமல்லித் தண்ணியும் வேண்டாம்.

ஆனால் பிரசவ லீவு 84 நாள்தான். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் அதே அளவு. பேர் போட மலைக்குப் போகும்போது பிள்ளைக்கு மூன்று மாசம்கூட ஆகியிருக்காது. மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. கங்காணியிடம் தயங்காமல் கேளுங்க, இது சலுகை இல்லை.

தூரத்து மலை என்றால் அந்த அரை மணி நடக்கவே போய்விடும். அதற்கு, காலையில் கையை நன்றாகக் கழுவி, கொதிநீரில் அவித்த மூடியுள்ள கோப்பையில் பாலைப் பீய்ச்சி வையுங்க. நிழலான இடத்தில் நாலு மணி நேரம் கெடாது. சூப்பிப் போத்தல் வேண்டாம், கோப்பையாலோ கரண்டியாலோ ஊட்டலாம். பீய்ச்சின நேரத்தை ஆயம்மாவிடம் மறக்காமல் சொல்லிட்டுப் போங்க.