நாய்க் காப்பகமும் நகராண்மைக் கழகமும்

தோட்டத்து லயங்களில் நாய் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுகிறவர்களின் பின்னாலேயே அது போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரும்போது வேலி வரையில் கூட வந்துவிட்டுத் திரும்பும். செம்பனைக்குள் பாம்போ காட்டுப்பன்றியோ வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். இப்படி நம்மோடு வாழும் பிராணிக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சிரிப்பார்கள். தோட்டத்து நாய்க்கு எதற்கு லைசென்ஸ் என்பார்கள்.

தோட்டம் தோட்டமாக இருக்கும் வரையில் அந்தச் சிரிப்பு செல்லும். நிலம் விற்கப்பட்டு, வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ போய், நாம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் நாளில் அது செல்லாது. அடுக்குமாடிகளில் நாய் வளர்க்கப் பல மன்றங்கள் அனுமதிப்பதில்லை. பல இனத்தவர் நெருங்கி வாழும் இடத்தில் அண்டை வீட்டாருடைய சமய உணர்வையும் நாம் கருத வேண்டியிருக்கிறது. ஆகவே சட்டி பானையெல்லாம் லாரியில் ஏறும். நாய் லயத்து வாசலில் நின்றுவிடும். லயத்தை இடித்த பிறகும் அந்த மண்மேட்டிலேயே படுத்துக் கிடக்கும். ஒரு பெட்டை நாய் சினைப்பட்டு ஏறத்தாழ 63 நாட்களில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இருமுறை ஈனுவதும் உண்டு. விட்டுப்போன நாய்கள் ஐந்தாறுதான் என்றாலும், இரண்டு தீபாவளி கழிவதற்குள் அவை ஒரு கூட்டமாகிவிடும்.

அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட யாராவது ஒருவர் முன்வருவார். பெரும்பாலும் வயதான பெண்மணியாக இருப்பார். தகரமும் பலகையும் சேர்ந்து ஒரு கொட்டகை எழும்பும். நாலு பேர் அரிசி வாங்கிக் கொடுப்பார்கள். பக்கத்துத் தாமானிலிருந்து இரவோடு இரவாகக் குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து அங்கே விட்டுப்போகிறவர்களும் வருவார்கள். எவரும் திட்டமிடாமலேயே ஒரு பிராணிகள் காப்பகம் உருவாகிவிடுகிறது. இத்தகைய காப்பகத்தை மேற்பார்வை செய்ய வேண்டியவர் யார், அவர்கள் எதைப் பார்க்க வேண்டும், நாம் அவர்களிடம் எதைக் கேட்கலாம் என்பவற்றைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஊராட்சி மன்றம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு தீபகற்ப மலேசியாவில் தோட்டங்கள் பெரும்பாலும் ஏதாவதொரு நகராண்மைக் கழகத்தின் அல்லது மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பதும், லைசென்ஸ் இல்லாமல் திரியும் நாயைப் பிடிப்பதும் மன்றத்தின் வேலை. துர்நாற்றம், சாக்கடை, இரைச்சல் ஆகியவற்றால் பொதுமக்களுக்குத் தொல்லை ஏற்பட்டால், அதை நீக்கும்படி அறிக்கை அனுப்பும் அதிகாரமும் அதற்கு உண்டு. கொட்டகை போடுவதற்கு 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அதன் அனுமதி வேண்டும்.

மன்றம் கொடுக்கும் உரிமத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, உரிமத்துக்கு எந்த நிபந்தனையையும் மன்றம் விதிக்கலாம். கொடுத்த உரிமத்தைக் காரணம் கூறாமலேயே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்து செய்ததற்கு நஷ்டஈடும் கேட்க முடியாது. இது சற்றுக் கடுமையான பிரிவு என்பது எங்கள் கருத்து. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் காப்பகக்காரருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, கால்நடை மருத்துவச் சேவைத் துறை. பிராணி பட்டினி கிடக்கிறதா, நோயில் வாடுகிறதா, அடிபடுகிறதா என்று பார்ப்பது இத்துறையின் பொறுப்பு. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெகு காலம் வரையில் பிராணி வதைக்கு அபராதம் 200 வெள்ளிதான். 2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு, கொடுமை இழைத்ததாக நிரூபிக்கப்பட்டால் 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அன்பினால் காப்பகம் நடத்துகிறவரும் இச்சட்டத்துக்கு விலக்கல்ல. தம் பொறுப்பில் உள்ள பிராணிக்குத் தீனி, தண்ணீர், தங்குமிடம், வைத்தியம் ஆகியவை கிடைக்கச் செய்ய வேண்டியது அவருடைய கடமையாகிறது.

மூன்றாவது, நில அலுவலகம். காப்பகம் நிற்கும் நிலம் விவசாய நிலமா, கம்பெனி நிலமா, அரசாங்க நிலமா என்ற கேள்வி அங்கே போய் நிற்கும். மூன்று அலுவலகங்கள் இருப்பதால் மூன்று மடங்கு மேற்பார்வை நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நாய் குரைக்கிறது என்று மன்றத்துக்குப் போனால், பிராணி நலம் எங்கள் வேலையல்ல என்பார்கள். கால்நடைத் துறைக்குப் போனால், சாக்கடை எங்கள் வேலையல்ல என்பார்கள். நில அலுவலகத்தில், முதலில் நிலச் சொந்தக்காரரிடம் கேளுங்கள் என்பார்கள். இந்த அலைச்சலைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

நாங்கள் அறிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய ஓர் அம்மாள், தோட்டத்து மக்கள் மாடி வீட்டுக்குப் போன பிறகும் பழைய ஆயாக் கொட்டகையில் நாய்களை வைத்துக் காப்பாற்றி வந்தார். புதிதாக எழும்பிய தாமானிலிருந்து புகார் போயிற்று. மன்றத்து அதிகாரி வந்தார். கூட வந்த தமிழ்ப் பணியாளர், “மொத்தம் எத்தனை நாய் இருக்கு, பாட்டி?” என்று கேட்டார்.

“அத யாருப்பா எண்ணுனா? ஒரு வேளைக்கு ரெண்டு பானை சோறு ஆவுது,” என்றார் அந்த அம்மாள்.

அவரைப் பொறுத்தவரையில் அது சரியான கணக்குத்தான். அதிகாரிக்கு அது கணக்காகத் தோன்றவில்லை. எண்ணிக்கை தெரியாத இடத்தில் தடுப்பூசி போட்டது எத்தனை, செத்தது எத்தனை, புதிதாக வந்தது எத்தனை என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரத்துக்குள் நாய்களை அகற்ற வேண்டும் என்று அறிக்கை வந்தது.

அகற்றுவது என்றால் எங்கே? மன்றத்து வண்டி பிடித்துச் செல்லும் நாயை, உரிமையாளர் வந்து மீட்பதற்காகச் சில நாட்களே வைத்திருப்பார்கள். வளர்ப்பதற்கு வேறொருவர் கேட்டால் கொடுக்கும் மன்றங்களும் உண்டு. கேட்பாரற்ற நாட்டு நாய்க்குப் பல இடங்களில் முடிவு ஊசிதான்.

அப்போது பள்ளிக்கூடத்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கோடு போட்டுக்கொண்டு போனார்கள். நிறம், ஆணா பெண்ணா, காதில் காலில் அடையாளம், கருத்தடை செய்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். 64 நாய்கள் இருந்தன. அவற்றில் கருப்பன் என்ற பெயரில் மட்டும் ஏழு. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள், “எண்ணக் கூப்பிட்டா வருமா?” என்று கடைசி வரையில் குறைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலு பெரியவர்கள் மன்றத்துக்குப் போனார்கள். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். நாய்களை அகற்றும் கெடு தள்ளி வைக்கப்பட்டது. வேலி கட்ட வேண்டும், கழிவுநீர் தாமான் சாக்கடைக்குள் போகக் கூடாது, பெட்டை நாய்களுக்கு முதலில் கருத்தடை செய்ய வேண்டும், புதிய நாய் சேர்க்கக் கூடாது, மாதம் ஒரு முறை புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. நிரந்தர உரிமம் கிடைக்கவில்லை. நிலம் கம்பெனியுடையது, அதன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். இன்றும் அந்தக் காப்பகம் தவணை முறையில்தான் உயிர் வாழ்கிறது.

தோட்டத்து மக்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. பெயர் ஏறாத ஆளுக்குச் சம்பளம் இல்லை. காப்பகத்துக்கும் அப்படியொரு செக்ரோல் வேண்டும். வந்த தேதி, எங்கிருந்து வந்தது, தடுப்பூசித் தேதி, கருத்தடைத் தேதி, வெளியே போன தேதி, யாரிடம் போயிற்று, செத்திருந்தால் எதனால் செத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது இந்தப் புத்தகத்தைத்தான். வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவது மேற்பார்வை ஆகாது. உள்ளே வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த குட்டிகளைத் தனியே வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நெருக்கடியான கொட்டகையில் பார்வோ என்னும் குடல் நோய் புகுந்துவிட்டால், தடுப்பூசி போடாத குட்டிகள் வரிசையாகச் சாகும். சிந்திய சோறு எலியை அழைக்கும். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் மனிதரையும் கொல்லக்கூடியது.

வெறிநாய்க்கடி நோயை இதில் மறக்கக் கூடாது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு பிறந்து, பெரிய எதிர்ப்பும் எழுந்தது. 2017இல் சரவாக்கில் பரவிய நோய் பல உயிர்களைக் குடித்தது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். ஆகவே எந்த நாய் கடித்தாலும், காப்பகத்து நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போவது ஆபத்து. கடித்த நாய் எது, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். புத்தகம் உள்ள காப்பகத்தில் அதற்குப் பதில் கிடைக்கும்.

புத்தகமும் இல்லாமல், மேற்பார்வையும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2009இல் புலாவ் கெத்தாமில் நடந்ததைச் சொல்லலாம். போர்ட் கிள்ளானுக்கு அப்பால் உள்ள அந்த மீனவர் தீவில் நாய்கள் பெருகிவிட்டன என்று, 300க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்துப் படகில் ஏற்றி, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டுவிட்டார்கள். கொல்வதைவிட இது நல்லது என்று ஊரார் எண்ணினார்களாம். அங்கே குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. பசி தாளாமல் செத்த நாயை மற்ற நாய்கள் தின்றதாகச் செய்தி வெளிவந்த பிறகுதான் நாடு விழித்தது. பிராணி நலக் குழுக்கள் படகில் போய்த் தீனி வைத்து, முடிந்தவற்றை மீட்டன. எத்தனை நாய்கள் செத்தன என்பதற்குச் சரியான கணக்கு எங்கே இருக்கப் போகிறது?

காப்பகத்தை மன்றம் பார்க்கிறது. மன்றத்தை யார் பார்ப்பது? ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. இப்போது மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நாலு பேருக்கு மிகாமலும் இருப்பார்கள். நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் அல்லர் என்பதால் நம்மைப் பார்க்க வரமாட்டார்கள் என்று விட்டுவிட வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டங்கள், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்கிறது. போய் உட்காரலாம். நம்மவர்களில் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? நமது பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று மன்ற அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மன்றம் பிடித்த நாய்கள் எத்தனை, எத்தனை மீட்கப்பட்டன, எத்தனைக்கு ஊசி போடப்பட்டது, நாய் பிடிக்கும் வேலை குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் அந்தக் குத்தகைக்காரரை யார் கண்காணிக்கிறார்கள் என்ற கேள்விகளை அவர் மூலம் கேட்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பகத்துக்கென்று கோயில் வாசலிலும் வீடு வீடாகவும் உண்டியல் குலுக்குகிறவர்களிடம் போலீஸ் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டிலும் தெருவிலும் பணம் திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சங்கமாகப் பதிந்திருந்தால் ஆண்டுதோறும் சங்கப் பதிவதிகாரிக்குக் கணக்கு அனுப்பியிருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர் கோபப்படமாட்டார்.

புகார் எழுதுகிறவர்கள் மலாயில் எழுதுவது நல்லது. பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் எழுதித் தருவார். இடம், தேதி, கண்ணால் கண்டது ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும். மன்றத் தலைவருக்கு ஒன்று, மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு ஒன்று என்று ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பி, இன்னாருக்கும் அனுப்பியுள்ளோம் என்று அடியில் குறித்துவிடுங்கள். அப்போது, எங்கள் வேலையல்ல என்று ஒருவர் மற்றவரைக் காட்டுவது சற்றுக் குறையும். நேரில் கொடுத்தால், நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கி, அதைப் பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் அதே தகரப் பெட்டியில் வையுங்கள். நாய் லைசென்ஸ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அந்த ரசீதும் அங்கேயே இருக்கட்டும். வண்டி வந்து நாயைப் பிடித்துப் போன அன்றே, அல்லது மறுநாள் காலையிலாவது, அதை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம் என்றிருந்தால் நாய் இராது. பல மாநிலங்களில் அன்றைக்கு அலுவலகமும் திறந்திருக்காது.